கிறிஸ்டோபர் ரீவ் ஆவணப்படத்தைத் தம்பிக்குக் காட்டலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்தக் களத்தில் நான் பெரும்பாலும் படிப்பவள், எழுதுவது அரிது. இப்போது ஒரு படத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியில் என் வீட்டு நிலவரமும் சேர்ந்திருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. எட்டு மாதங்களுக்கு முன்பு ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது நண்பர்களோடு கிணற்றில் தலைகீழாகக் குதித்தான். தண்ணீர் இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கழுத்து முள்ளெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். முழங்கையை மடக்குகிறான், விரல்கள் அசைவதில்லை, மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, இனி நடப்பது மிகவும் கடினம் என்றார். அதைத் தம்பியிடம் நாங்கள் சொல்லவில்லை. “பிசியோ செய்யச் செய்யச் சரியாகிவிடும்” என்றுதான் அம்மா இன்றுவரை சொல்லி வருகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உள்ளங்கையில் கட்டிய பட்டையில் ஒரு குச்சியைச் செருகி, அதன் நுனியால் கைபேசித் திரையைத் தொட்டுப் பழகியிருக்கிறான். சென்ற வாரம் அப்படி எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன், “அக்கா, சூப்பர்மேனா நடிச்சவருக்கும் கழுத்துதான் உடைஞ்சுதாம். அவரைப் பத்தி ஒரு படம் வந்திருக்காம். போட்டுக் காட்டு” என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்துவிட்டு, அவன் தூங்கிய பிறகு நான் மட்டும் பார்த்தேன். “சூப்பர்/மேன்: தி கிறிஸ்டோபர் ரீவ் ஸ்டோரி” என்ற அந்தப் படம் என்னை உலுக்கிவிட்டது. பாராட்டாகவும் சொல்கிறேன்; பயமாகவும் சொல்கிறேன்.

மருத்துவமனையில் நினைவு திரும்பிய ரீவ், தன்னைப் போக விட்டுவிடலாமே என்று மனைவியிடம் சொன்ன இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி இதுவரை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. படமே அவனுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுமோ? அடுத்ததாக, ஐம்பது வயதுக்குள் எழுந்து நடப்பேன் என்று சொல்லி வந்த மனிதர் நடக்காமலேயே 52 வயதில் இறந்துவிடுகிறார். அவ்வளவு பணமும் புகழும் உள்ளவருக்கே முடியவில்லை என்றால் எனக்கு என்ன நடக்கும் என்று அவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காட்டாமல் இருந்தால், எதையோ மறைக்கிறேன் என்று அவனுக்கே தெரிந்துவிடும். ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும்.

படத்தைப் பார்த்தவர்களும் இப்படிப்பட்ட வீட்டுச் சூழலை அறிந்தவர்களும் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

---

திரைமோகி எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு, பதில் எழுதுவதற்காகவே நேற்று அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. படம் எதைச் சொல்கிறது என்று மட்டும் என்னால் இயன்றவரை சொல்கிறேன்.

இயக்குநர்கள் இயன் போனோட், பீட்டர் எட்டெட்குய் இருவரும் இதற்கு முன் பாராலிம்பிக் வீரர்களைப் பற்றி “ரைசிங் ஃபீனிக்ஸ்” என்ற ஆவணப்படம் எடுத்தவர்கள். உடற்குறையை இரக்கத்துக்குரிய காட்சிப் பொருளாக்கக் கூடாது என்ற கவனம் அவர்களுக்கு முன்பே உண்டு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இந்தப் படம் 2025-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதைப் பெற்றது. அந்த விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது படத்தின் கட்டமைப்புதான். விபத்துக்கு முன்பு வெளிச்சம், பின்பு இருட்டு என்று வாழ்க்கையை இரண்டாகப் பிளந்து வைக்காமல், 1978-இன் சூப்பர்மேனையும் 1995-க்குப் பிந்தைய சக்கர நாற்காலி மனிதரையும் முன்னும் பின்னுமாக நெய்திருக்கிறார்கள். அதனால் இருவரும் ஒரே ஆள்தான் என்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை.

நீங்கள் நிறுத்திவிட்டு எழுந்துபோன காட்சிக்கு வருகிறேன். 1995 மே 27 அன்று வர்ஜீனியா மாநிலம் கல்பெப்பரில் நடந்த குதிரையேற்றப் போட்டியில், மூன்றாவது தடையைத் தாண்டப் போன குதிரை சட்டென்று நின்றுவிட்டது. ரீவின் கைகள் கடிவாளத்தில் சிக்கிக்கொண்டன. கையை ஊன்றித் தப்ப வழியில்லாமல் தலைகுப்புற விழுந்தார். மண்டையோட்டை ஒட்டிய முதல் இரண்டு கழுத்து முள்ளெலும்புகளும் நொறுங்கின. சார்லட்ஸ்வில்லில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவர் நினைவின்றிக் கிடந்த நாள்களில், உயிர்காக்கும் கருவிகளை எடுத்துவிடலாம் என்று அவருடைய தாயாரே கருதினார். மகன்மேல் அன்பில்லாமல் சொன்ன சொல் அன்று; அவன் இப்படி வாழ விரும்பமாட்டான் என்ற தாயின் மனம். மனைவி டேனா அதற்கு உடன்படவில்லை. அவர் விழிக்கட்டும், முடிவை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

விழித்தவர் சொன்னதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். அதற்கு டேனா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இது உங்கள் வாழ்க்கை, நீங்கள் எதை முடிவு செய்தாலும் துணையாக இருப்பேன் என்று முதலில் சொல்கிறார். எவ்வளவு காலமானாலும் கூட இருப்பேன், நீங்கள் இப்போதும் நீங்கள்தான், உங்களை நேசிக்கிறேன் என்று அதன் பிறகு சொல்கிறார். பின்னாளில் ரீவ் எழுதிய தன்வரலாற்றுக்கு “ஸ்டில் மீ” என்று பெயர் வைத்தது அந்தச் சொல்லிலிருந்துதான். அந்தக் காட்சியை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். சாவைப் பற்றிய காட்சியாக அது எனக்குத் தோன்றவில்லை. படுத்திருக்கும் மனிதரிடம், அவரைப் பற்றிய முடிவை அவரிடமே ஒருவர் ஒப்படைக்கும் காட்சி அது. உங்கள் தம்பி அதைப் பார்த்தால், தான் மட்டும் அப்படி நினைக்கவில்லை என்று ஆறுதல் அடையவும் இடமிருக்கிறது. அவர் சொல்லவில்லை என்பதால் நினைக்கவில்லை என்று நாம் எப்படி உறுதி கொள்வது?

இன்னொன்று, இந்தப் படத்தில் சிரிப்பும் இருக்கிறது. ஜூலியார்ட் நாடகப் பள்ளி நாளிலிருந்து ரீவின் உயிர் நண்பரான நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ், அறுவை அங்கி அணிந்து, ருஷ்ய உச்சரிப்போடு மலக்குடல் மருத்துவர்போல நடித்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைகிறார். விபத்துக்குப் பிறகு ரீவ் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். இந்த இடத்தைத் தம்பியோடு உட்கார்ந்து பார்க்க நீங்கள் இருக்க வேண்டும்.

விபத்துக்குப் பின் அவர் செய்த வேலையைப் படம் விரைவாகக் கடப்பதாக எனக்கு ஒரு குறை உண்டு. 1996 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் திரை விலகி அவர் தோன்றியதும் அரங்கமே எழுந்து நின்றது எல்லோரும் அறிந்ததே. அடுத்த ஆண்டு “இன் தி குளோமிங்” என்ற தொலைக்காட்சிப் படத்தை அவர் இயக்கினார். 1998-இல் “ரியர் விண்டோ” மறுஆக்கத்தில் உடல் அசையாத நாயகனாக நடித்துத் திரைநடிகர் சங்கத்தின் விருதையும் பெற்றார். கண்ணும் புருவமும் குரலும் மட்டுமே மிஞ்சிய ஒரு நடிகர், மூச்சுக் கருவி காற்றை உள்ளே தள்ளும் இடைவெளிக்கு ஏற்ப வசனத்தை வெட்டிப் பேசக் கற்றுக்கொண்டார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! உங்கள் தம்பி என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பற்றி அவரோடு பேச இந்தப் பகுதி உதவக்கூடும்.

---

இயன்முறைக் கூடம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை என்பதால் அவருடைய நிலையைப் பற்றி முடிவாக எதையும் சொல்லக் கூடாது. படம் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரீவின் காயமும் உங்கள் தம்பியின் காயமும் ஒன்றல்ல. நாம் மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு, கழுத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தண்டுவட நிலைகளிலிருந்து புறப்படுகிறது. ரீவுக்கு அடிபட்டது அதற்கும் மேலே. ஆகவே தானாக ஒரு மூச்சுக்கூட இழுக்க முடியாமல், தொண்டைக் குழாய் வழியே கருவியை நம்பி வாழ்ந்தார். அந்தக் குழாய் கழன்றுவிட்டால் யாராவது ஓடி வரும்வரை ஒலியெழுப்பவும் முடியாது. அந்த அச்சத்தை அவரே எழுதியிருக்கிறார். உங்கள் தம்பி முழங்கையை மடக்குகிறார், விரல் அசையவில்லை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவருடைய காயம் ஐந்தாம் நிலையை ஒட்டியதாக இருக்கலாம். அவர் தானாக மூச்சுவிடுகிறார், தானே குரலெடுத்துப் பேசுகிறார், பட்டையில் செருகிய குச்சியால் கைபேசியை இயக்குகிறார். அதே பட்டையில் கரண்டியைச் செருகிச் சாப்பிடவும், மின் சக்கர நாற்காலியைத் தானே ஓட்டவும் இந்த நிலையில் உள்ள பலர் பழகுகிறார்கள். படத்தில் ரீவைப் பார்த்துவிட்டு, “நானும் இப்படித்தான்” என்று அவர் எண்ணிவிடாமல் இருக்க, இந்த வேறுபாடு முன்கூட்டியே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விரல் அசைந்த கதையைப் பற்றியும் தெளிவு வேண்டும். விபத்து நடந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2000-இல், ரீவ் தன் இடது ஆள்காட்டி விரலைத் தன் விருப்பப்படி அசைத்தார். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டொனால்டு குழுவினர், மின்தூண்டலால் கால்களை மிதிக்கச் செய்யும் மிதிவண்டி, தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி ஆகியவற்றோடு கூடிய அவருடைய முன்னேற்றத்தை 2002-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தண்டுவடக் காயத்தை ஏ முதல் ஈ வரை வகுக்கும் அளவுகோலில் ஏ என்ற முழுமையான இழப்பிலிருந்து ஓரளவு அசைவு திரும்பிய சி என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். காயமுற்று இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எதுவும் மீளாது என்று நிலவி வந்த எண்ணத்தை அது அசைத்தது உண்மை. அந்த மீட்சி அவரை நடக்க வைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. 2003-இல் உதரவிதானத்தில் மின்முனைகளைப் பொருத்திய பிறகு கருவியிலிருந்து விலகிச் சிறிது சிறிது நேரம் மூச்சுவிட முடிந்தது. மூக்கு வழியாகக் காற்று போனதால் பல ஆண்டுகளுக்குப் பின் வாசனையை உணர்ந்தார். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரவு என்று தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், “நடந்தாரா, இல்லையா?” என்று மட்டுமே கேட்பார்கள்.

இப்போது நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. தம்பிக்குத் தன் காயத்தின் நிலை என்ன, ஏ முதல் ஈ வரையிலான அளவுகோலில் தான் எந்த எழுத்தில் இருக்கிறேன் என்பது தெரியாது என்று உங்கள் பதிவிலிருந்து புரிந்துகொள்கிறேன். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு வீட்டாரிடம் மட்டும் பேசும் வழக்கம் நம்மிடையே மிகுதி. நாங்களும் அதற்குத் துணைபோகிறோம். அதன் விளைவை நான் பயிற்சிக் கூடத்தில் அன்றாடம் பார்க்கிறேன். கால் அசையும் நாளுக்காகக் காத்திருப்பவர், கையால் உணவுண்ணக் கற்கும் பயிற்சியை மனம் ஒன்றிச் செய்வதில்லை, “எல்லாம் சரியான பிறகு இது எதற்கு?” என்று கேட்பார். உண்மை தெரிந்தவர் முதலில் உடைந்துபோவார், சில வாரங்கள் பேசமாட்டார். பிறகுதான் அவருடைய பயிற்சி உண்மையில் தொடங்கும். படத்தின் மூலமாக அவர் இதைத் தெரிந்துகொள்வதைக் காட்டிலும் உங்கள் வாய் வழியாகத் தெரிந்துகொள்வது நல்லது. இயலுமானால் அவருடைய மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள்.

கேள்விக்கு வெளியே ஒன்று. அவசியம் என்பதால் சொல்கிறேன். அவருக்குத் திடீரென்று தலை பிளப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, நெற்றி வியர்த்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தளவில் காயமுற்றவர்களுக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுவதன் அறிகுறி அது. குழாயைச் சரிசெய்தும் குறையாவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.

---

சக்கரத்தடம் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பியின் இடத்திலிருந்து எழுதுகிறேன். 14 ஆண்டுகளுக்கு முன்பு சாலை விபத்தில் எனக்கும் கழுத்து முறிந்தது. ஆறாவது முள்ளெலும்பு. இந்தப் பதிலைக் கைபேசியிடம் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைக் காட்டுங்கள். தயங்காதீர்கள். அவர் கேட்டிருக்கிறார், 26 வயது ஆண் ஒருவர் பார்க்க விரும்பும் படத்தை அவர் பார்க்கலாமா என்று வீட்டார் கூடிப் பேசுவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டிலும் இதேபோலப் பொத்திப் பொத்தித்தான் வைத்தார்கள். பக்கத்து அறையில் குரல் தாழ்ந்தால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிக் குரல் தாழும்போதெல்லாம், அவர்கள் சொல்லக்கூடியதைவிடப் பத்து மடங்கு கொடியதாக நான் கற்பனை செய்துகொள்வேன்.

ஆனால் ரீவைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. படம் பார்த்து முடித்ததும் இதையும் தம்பியோடு பேசுங்கள். அவர் நீண்ட காலம் குணமாவது ஒன்றையே பேசினார். 2000-ஆம் ஆண்டு சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடையே ஒளிபரப்பான ஒரு நிதி நிறுவன விளம்பரத்தில், கணினி வரைகலையின் உதவியால் அவர் எழுந்து மேடைக்கு நடந்து வருவதுபோல் காட்டினார்கள். அதை உண்மையென்று நம்பி, அவர் எப்படிக் குணமானார், எங்களுக்கும் அந்தச் சிகிச்சை கிடைக்குமா என்று தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு. சக்கர நாற்காலியிலேயே படித்து, வேலை பார்த்து, சாய்தளத்துக்கும் பேருந்துக்கும் போராடிக்கொண்டிருந்த மாற்றுத்திறனாளிகள் பலர் அப்போது கோபப்பட்டார்கள். எங்களைப் பழுதான பொருளாகவும், பழுது நீங்கினால்தான் வாழ்க்கை என்பதாகவும் ஊர் எண்ணுவதற்கு இது வழிவகுக்கும் என்றார்கள். அந்தக் கோபத்தை நான் முழுவதும் உணர்கிறேன். என் முதல் மூன்று ஆண்டுகள் அப்படிப் போனவைதான். எண்ணெய், பச்சிலை, கேரளத்து வைத்தியம், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்டெம் செல் சிகிச்சை என்று அப்பா அலைந்தார், நிலம் போனது.

அதே சமயம், ரீவ் மாறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரும் டேனாவும் நடத்திய அறக்கட்டளை, ஆராய்ச்சிக்கு மட்டுமின்றி இன்றைய வாழ்க்கைத் தரத்துக்கும் நிதி தர 1999-இல் தொடங்கியது. அதை முன்னின்று வளர்த்தவர் டேனா. சக்கர நாற்காலிகள், சாய்தளம், விளையாட்டு, பராமரிப்பாளருக்கான உதவி என்று அந்தப் பணம் போனது. அவர்கள் இருவரும் இறந்த பிறகு, 2009 மார்ச்சில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட உடல் செயலிழப்பு குறித்த ஆய்வுச் சட்டம் இருவர் பெயரையும் தாங்கியிருக்கிறது. குணமாவேன் என்ற நம்பிக்கையும் இப்படியே வாழ்வேன் என்ற உறுதியும் ஒரே மனிதருக்குள் அருகருகே இருக்கலாம் என்பதை அவரிடமிருந்துதான் நான் ஏற்றுக்கொண்டேன். நம் பக்கத்தில், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி இராமகிருஷ்ணன் ஐயாவைத் தம்பிக்குச் சொல்லுங்கள். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடக் காயமுற்றவர்களுக்கான மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. நானும் அங்கே தங்கிப் பழகியவன்தான்.

உங்களுக்குப் பெரும் பயம் தருவது முடிவு என்று எழுதியிருக்கிறீர்கள். ரீவ் எதனால் இறந்தார் என்பதைத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். 2004 அக்டோபர் 10 அன்று அவர் இறந்தபோது, படுக்கைப்புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்காகச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் இருந்த வீட்டிலேயே அந்தப் புண் வந்தது. இதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாடமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு வால் எலும்பின் மேல் ஒரு முறை புண் வந்து, ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். அதன் பிறகு தினமும் இரவு படுக்கும் முன்பு நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியை என் தாயார் பின்னால் பிடித்துக் காட்டுவார், நானே பார்ப்பேன். தோல் எங்காவது சிவந்திருந்தால் அம்மா பெருவிரலால் அழுத்தி எடுப்பார். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அன்றிலிருந்து அந்தப் பக்கம் படுப்பதில்லை. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் என் உடம்பை நானே பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அது மறுபடியும் என்னுடையது ஆயிற்று.

---

இரண்டாம்சாமம் எழுதியது:

வணக்கம் வைகைக்கரை. எல்லோரும் தம்பியைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் உங்களைப் பற்றி எழுதுகிறேன். என் கணவருக்கு ஒன்பது ஆண்டுகளாக இதே நிலை.

படத்தில் டேனாவைப் பார்க்கும்போது உங்களை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். நான் அப்படி ஒப்பிட்டுவிட்டு இரண்டு நாள் சோர்ந்து கிடந்தேன். விபத்து நடந்தபோது அவருக்கு 34 வயது. மகன் வில்லுக்கு மூன்று வயது நிறைய இன்னும் பதினொரு நாள் இருந்தது. பாடவும் நடிக்கவும் செய்துகொண்டிருந்த பெண், அந்த வாழ்க்கையின் பெரும்பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தனிமையும் களைப்பும் இருந்ததைப் படம் மறைக்கவில்லை என்பதால்தான் எனக்கு அந்தப் படம் பிடித்தது. இருந்தாலும் அந்த வீட்டில் முறை வைத்து வேலை செய்த செவிலியர்களும் உதவியாளர்களும் இருந்தார்கள். அந்தப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு நான்கு இலட்சம் டாலர் வரை செலவானதாகச் செய்திகள் வந்தன. ரீவுக்கே, காப்பீடு ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் தரும் தொகையின் வரம்பில் முட்டி நின்றுவிடும் என்ற கவலை இருந்தது. அந்த வரம்பைப் பத்து இலட்சம் டாலரிலிருந்து ஒரு கோடி டாலராக உயர்த்தச் சட்டம் வேண்டும் என்று அவர் போராடியும் அன்று நடக்கவில்லை. நம் வீட்டிலோ இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று கைபேசியில் அலாரம் வைத்துப் புரட்டிப் படுக்க வைப்பது ஒரே ஆள். இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்து, இடுப்புக்குக் கீழே கைவிட்டுத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் தூக்கம் வருவதற்குள் நான்கு மணி ஆகிவிடும். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

டேனா 2006 மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். புகை பிடிக்காதவர்; வயது 44. பதின்மூன்று வயதில் வில் தாய் தந்தை இருவரையும் இழந்து நின்றான். படத்தின் அந்தப் பகுதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தம்பிக்கு அது வேறு விதமாகத் தைக்கலாம்: தன்னைப் பார்த்துக்கொண்டே அக்கா தேய்ந்துபோய்விடுவாளோ என்று. அந்த இடம் வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். “உனக்காக நான் எதையும் இழக்கவில்லை” என்று பொய் சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு இரவாவது வேறு யாராவது அலாரத்துக்கு எழுந்திருக்க ஏற்பாடு செய்துவிட்டு, அதை அவரிடம் சொல்லுங்கள்.

அம்மாவிடம் முதலில் பேசிவிடுங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வந்து, “இதையெல்லாம் ஏன் பார்க்கிறீர்கள்?” என்று அணைத்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஒரே மூச்சாகவும் பார்க்க வேண்டாம். பகலில் பாருங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. உடனே எழுத இயலவில்லை. அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே நான்கு நாள் ஆயிற்று.

சனிக்கிழமை காலையில் பிசியோ செய்ய வரும் இளைஞரையும் வைத்துக்கொண்டு, மருத்துவர் எங்களிடம் சொன்னதை என் தம்பியிடம் சொன்னேன். இயன்முறைக் கூடம் ஐயா எழுதியிருந்ததை நான்கைந்து முறை படித்துப் பார்த்துவிட்டே பேசத் தொடங்கினேன். இருந்தும் பாதியிலேயே எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “தெரியும்க்கா. ஆஸ்பத்திரியிலேயே தெரியும். நீங்க எல்லாரும் அழுவீங்கன்னுதான் கேக்கல” என்றான். எட்டு மாதம் நாங்கள் அவனிடமிருந்து மறைத்ததை, அவன் எங்களுக்காக எங்களிடமிருந்து மறைத்திருக்கிறான். அன்று முழுவதும் அவன் அதிகம் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டையும் பாதியில் போதும் என்றுவிட்டான்.

நேற்று மதியம் படத்தைப் பார்த்தோம். நான் பயந்த காட்சியில் அவன் எதுவும் சொல்லவில்லை. ராபின் வில்லியம்ஸ் வந்ததைச் சொல்லும் இடத்தை மறுபடியும் போடச் சொன்னான். ரீவ் பேசும்போது நடுநடுவே கேட்கும் மூச்சுக் கருவியின் ஓசையைக் கவனித்துவிட்டு, “அவரால ஒரு வாக்கியத்தைக்கூட இழுத்துப் பேச முடியலை பாரு” என்றான். ஆஸ்கர் மேடை முடிந்ததும் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் வந்துவிட்டது, நிறுத்திவிட்டோம். கடைசிப் பகுதி இன்னும் மீதி இருக்கிறது. படுக்கைப்புண் பற்றிச் சக்கரத்தடம் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஆய்க்குடிக்குப் போவது எப்படி, எவ்வளவு நாள் தங்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் கேட்கச் சொல்கிறான்; தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

புரட்டிப் படுக்க வைத்த பிறகு, “அவருக்கு ஒண்ணும் ரெண்டும். எனக்கு எத்தனாவது எலும்பு?” என்று கேட்டான். பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வந்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு, திருப்பு என்று சொன்னான். மூன்றாவது பக்கத்தில் சி5 (கழுத்தின் ஐந்தாம் நிலை) என்றும், அதற்குக் கீழே அந்த அளவுகோலின் எழுத்தும் இருந்தன. அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று அவன் கேட்கிறான். இயன்முறைக் கூடம் ஐயா, உங்களுக்கு நேரம் இருக்கும்போது தொலைபேசியில் அவனிடமே விளக்கிச் சொல்ல முடியுமா?